மனைப்பொருளியல்: இருவருக்கான ஒரு வார இராப்போசனம் (கோடைகாலம்)

க.பொ.த. (சாதாரண தரம்) – உணவு வேளைகளைத் திட்டமிடல்

மாதிரி வினா

யாழ்ப்பாணம் கோப்பாயில் உள்ள ஒரு வீட்டில் 74 வயதுடைய அம்மப்பாவும் 68 வயதுடைய அம்மம்மாவும் மட்டும் வசிக்கின்றனர். அம்மப்பாவுக்கு உயர் குருதியமுக்கம் உண்டு; கடைவாய்ப் பற்கள் பல விழுந்துவிட்டன. அம்மம்மா நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. ஆனி மாதத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை இவர்களுக்குரிய இராப்போசனத்தைத் திட்டமிட்டு, உமது தெரிவுகளுக்கான காரணங்களைத் தருக.

வினாவை விளங்கிக்கொள்ளல்

இத்தகைய வினாவைக் கண்டதும் பெரும்பாலான மாணவர்கள் ஏழு நாட்களுக்கும் ஏழு விதமான உணவுகளை அடுக்கிவிடுகின்றனர். கோழி சூப், பழச்சலாது, மீன் பொரியல், ஜெலி என்று பட்டியல் நீளும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலை அம்மம்மாவின் கையில் கொடுத்தால் ஒருநாள்கூட அவர் அதைச் சமைக்கமாட்டார்.

நமது ஊர்களில் பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, முதியவர்கள் இருவர் மட்டும் வாழும் வீடுகள் பல. அங்கே மதியச் சமையல் ஒழுங்காக நடக்கும். இரவானால், "இரண்டு பேருக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று தேத்தண்ணீரும் நாலு பிஸ்கற்றுமாக முடிந்துவிடும். இது சிறிய விடயம் அன்று. நீரிழிவுக்கான சில குளிசைகளை எடுத்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாமல் படுத்தால் குருதியில் குளுக்கோசின் அளவு அளவுக்கு மீறிக் குறையும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படும். நித்திரையில் நிகழ்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமற் போகலாம். ஆகவே இவ்வினாவுக்கு நல்ல விடை என்பது உண்மையில் சமைக்கப்படக்கூடிய ஏழு இரவுச் சாப்பாடுகள் ஆகும். நேரமும் விடையில் இடம்பெற வேண்டும்: இரவு 7 மணி அல்லது 7.30 மணி, தினமும் ஒரே நேரம்.

வினாவில் தரப்பட்ட ஒவ்வொரு தகவலும் ஒரு காரணத்துக்காகவே தரப்பட்டுள்ளது. குருதியமுக்கம் என்றால் உப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் அந்த எல்லை இலகுவாகத் தாண்டப்பட்டுவிடும். பல் இல்லை என்றால் மென்மையான உணவு. அதனால்தான் கீழுள்ள திட்டத்தில் ரொட்டியும் கடலையும் இல்லை. நீரிழிவு என்றால் தவிட்டோடு கூடிய தானியம், அளவான மாப்பொருள், நிறைய மரக்கறி. முதுமை என்றால் புரதம். முதியவர்களுக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதமாவது தேவை. தசை தேய்வதும் விழுந்து எலும்பு முறிவதும் இதனோடு தொடர்புடையவை.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் தகவல்: குளிர்சாதனப்பெட்டி இல்லை.

வெக்கையும் மீதிச் சாப்பாடும்

உணவைப் பழுதாக்கும் நுண்ணங்கிகள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் பெருகுகின்றன. ஆனி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் இரவு வெப்பநிலையும் பெரும்பாலும் 25 பாகைக்கு மேலேயே இருக்கும். சோழகம் வீசினாலும் அடுப்படிக்குள் வெக்கை குறைவதில்லை. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். மறுபடி சூடாக்கினால் சரிதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எப்போதும் சரியாகாது. மீதிச் சோற்றில் பெருகும் ஒருவகைப் பற்றீரியா உண்டாக்கும் நச்சு, சூடாக்கினாலும் அழிவதில்லை.

குளிர்சாதனப்பெட்டி உள்ள வீட்டாரும் இதைக் கற்க வேண்டியவர்களே. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். 1990களில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் குடாநாட்டில் ஒரு தலைமுறையே சமைத்துச் சாப்பிட்டது. அந்த அனுபவம் உள்ள அம்மம்மாமாரிடம் கேட்டால் இப்பாடத்தின் பாதியை அவர்களே சொல்லித் தருவார்கள்.

இதிலிருந்து பெறப்படும் முக்கிய முடிவு ஒன்று. இந்த வீட்டின் இரவுச் சாப்பாட்டில் பச்சை மீனை எழுத வேண்டாம். காலையில் வாங்கும் மீன் மதியத்துக்கு உரியது. அன்றைய மீன் குழம்பு மதியத்தோடு முடிய வேண்டும். இரவுக்கான புரதத்தை முட்டை, பருப்பு, பயறு, உழுந்து, தயிர் ஆகியவற்றிலிருந்து பெறலாம். இவ்வாறு காரணத்தோடு எழுதும் விடை, ஏழு நாளும் மீன் பொரியல் எழுதும் விடையிலிருந்து தனித்துத் தெரியும்.

தேங்காய்ப்பால் சேர்த்த சொதியும் பால்கறியும் விரைவில் புளிக்கும். அந்த வேளைக்கு மட்டும் சமைக்க வேண்டும். பழப்புளி சேர்ந்த குழம்பு சற்றுத் தாங்கும். எனினும் அதையும் மறுநாளுக்கு வைப்பது இந்த மாதத்தில் நல்லதன்று.

இருவருக்கு வாங்குதல்

ஐந்து பேருக்குச் சமைப்பதைவிட இருவருக்குச் சமைப்பது கடினம். ஒரு தேங்காய் ஒரு வேளைக்கு அதிகம். ஒரு பூசணிக்காய் ஒரு வாரத்துக்கும் அதிகம். எனவே ஒரு நாளின் மீதி அடுத்த நாளின் தொடக்கமாக அமையும்படி திட்டமிட வேண்டும். இங்கு மீதி என்பது சமைக்காத மூலப்பொருளின் மீதி.

தேங்காயையே உதாரணமாகக் கொள்வோம். உடைத்ததும் கண்ணுள்ள பாதியை முதலில் பயன்படுத்த வேண்டும். அதுவே முதலில் பழுதாகும். மற்றப் பாதியைத் திருவாமல் சிரட்டையோடு வைத்து மறுநாள் எடுக்கலாம். திருவிய தேங்காய்ப்பூ இந்த வெக்கையில் சில மணித்தியாலங்களில் கெட்டுவிடும். ஆகவே தேங்காய் தேவைப்படும் உணவுகள் அடுத்தடுத்த இரு நாட்களில் வரவேண்டும். 2024 இறுதியில் தேங்காய் தட்டுப்பாடாகி விலை ஏறியபோது, அரைத் தேங்காயை எறிவது எவ்வளவு நட்டம் என்பது எல்லா வீடுகளிலும் உணரப்பட்டது.

மரக்கறிக்குச் சந்தை வாரத்தில் இரண்டு நாட்கள் போதும்: திங்களும் வியாழனும். கோப்பாயிலிருந்து திருநெல்வேலிச் சந்தை அருகில்தான். பூசணிக்காயைத் துண்டாக வெட்டி வாங்கலாம். வெட்டிய துண்டை இரண்டு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். முருங்கையிலை வளவிலேயே இருக்கும். வாங்க வேண்டியதில்லை என்பதால் விடையில் அதை மறந்துவிடுகிறார்கள்!

வாரத் திட்டம்

திங்கள்: சிவப்பரிசிமா இடியப்பம், முட்டை சேர்த்த முருங்கையிலைச் சொதி. இருவருக்கும் 150 கிராம் மா போதும். தேங்காயின் கண்ணுள்ள பாதி சொதிக்கு. முட்டையைத் தனியே அவிக்காமல், சொதி கொதிக்கும்போது உடைத்து ஊற்றினால் அம்மப்பாவுக்கு மென்மையாக இருக்கும். ஆனால் மஞ்சட்கரு இறுகும்வரை கொதிக்கவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி விட வேண்டும். கொதிக்கும்போது விட்டால் பால் திரைவதோடு விற்றமின் சியும் அழியும். இலையிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதற்கு அந்த விற்றமின் சி உதவுகிறது. புரதக் கணக்கையும் காட்டுங்கள்: ஒருவருக்கு ஒரு முட்டையில் 6 முதல் 7 கிராம், 75 கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 5 கிராம், இலையிலும் பாலிலும் 2 கிராம் அளவில். மொத்தம் ஏறத்தாழ 14 கிராம்.

செவ்வாய்: குரக்கன்மாவும் அரிசிமாவும் சம அளவில் கலந்த புட்டு, மைசூர்ப் பருப்புக்கறி, பூசணிக்காய்ப் பால்கறி. மற்றப் பாதித் தேங்காய் இன்று முடிகிறது. குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் இருப்பதைவிட இது பல மடங்கு. தனிக் குரக்கன் புட்டு சிலருக்குத் தொண்டையில் இறங்காது, அதனால்தான் கலப்பு. பருப்புக்கறி தண்ணீராக இருக்கட்டும்.

புதன்: தோசை, பூசணிக்காயின் மீதியும் முருங்கைக்காயும் பருப்பும் சேர்த்த சாம்பார், சிறிதளவு தேங்காய்ச் சம்பல். மாரிகாலத்தில் உழுந்தை முதல்நாளே ஊறப்போட்டு அரைத்து இரவு முழுவதும் புளிக்க வைப்போம். ஆனி மாதத்தில் அப்படிச் செய்தால் மறுநாள் இரவுக்கு மா புளித்துப் பொங்கி வழிந்துவிடும். ஆகவே விடியற்காலையில் ஊறப்போட்டு 11 மணியளவில் அரைத்தால், 6 அல்லது 7 மணித்தியாலத்தில் பதமாகப் பொங்கும். மீதி மா வியாழன் காலைத் தோசைக்கு. உழுந்தும் அரிசியும் சேரும்போது ஒன்றில் குறையும் அமினோவமிலத்தை மற்றது ஈடுசெய்கிறது என்பதையும் எழுதலாம்.

வியாழன்: பாண், சிறிய ரின்மீன் கறி, பொன்னாங்காணி வறை. சமைப்பவருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒருநாள் அடுப்பு அரைமணித்தியாலத்தில் அணையட்டும். 155 கிராம் ரின் இருவருக்கு ஒரே வேளையில் முடியும். பெரிய ரின் முடியாது. மீனிலுள்ள உப்பு நீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புச் சேர்க்காமல் சமைக்க வேண்டும். முள்ளும் சேர்த்து உண்ணக்கூடியதாதலால் கல்சியம் கிடைக்கும். அம்மம்மாவுக்கு இரண்டு துண்டுப் பாண், வறை கூடுதலாக. புதன்கிழமைத் தேங்காயின் மற்றப் பாதி வறைக்கும் கறிக்கும் போகிறது.

வெள்ளி: சைவ உணவு. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியுடன் பாசிப்பயறு சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி, வல்லாரைச் சம்பல், தயிர். பயற்றை மதியமே ஊறவைத்தால் விறகும் எரிவாயுவும் மிச்சம். கஞ்சியில் நீர் அதிகம் என்பது கோடையில் நன்மையே. முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரியும். தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். நல்ல சூடாகவன்றி இளஞ்சூடாகப் பரிமாறலாம். ஆனால் ஆறப்போட்டு மறந்துவிடக் கூடாது.

சனி: இடியப்பம், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்புச் சொதி.

ஞாயிறு: மரக்கறிகள் சேர்த்த றவை உப்புமா, மோர், கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டு. ஞாயிறு மதியம் இறைச்சி அல்லது நல்ல மீன் என்று சாப்பாடு கனமாக இருக்கும். எனவே இரவு இலகுவாக இருப்பது பொருத்தம். மதிய இறைச்சியை இரவுக்கு வைக்கலாமா என்றால், முன்னே சொன்ன 2 மணித்தியாலத்தை நினைவுபடுத்துக. மாம்பழம் அம்மம்மாவுக்கு முற்றாக விலக்கப்பட்டது என்று எழுதுவது தவறு. சிறு துண்டு, அதுவும் அந்த வேளையின் மாப்பொருளைக் குறைத்துக்கொண்டு. பருவத்தில் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் குவியும் பழத்தை விட்டுவிட்டு அப்பிளும் திராட்சையும் எழுதும் மாணவர்களை என்னவென்பது!

கூழ் எழுதலாமா?

யாழ்ப்பாணத்து உணவு என்றதும் ஒடியற்கூழை எழுத ஆசை வரும். ஒடியல் மா நமது பனையிலிருந்து கிடைப்பது. 1978இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை அதன் பயன்பாட்டை ஊக்குவித்து வருகிறது. நார்ப்பொருளும் உண்டு. ஆயினும் கூழ் இருவருக்குக் காய்ச்சும் உணவன்று. மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போட்டாலே பானை நிறைந்துவிடும். அது முற்றத்தில் பத்துப் பேர் வட்டமாக இருந்து பிலாவிலையில் குடிப்பது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் ஒடியற்புட்டை எழுதுங்கள். மாவை நீரில் ஊறவிட்டுப் பிழிந்து கசப்பை நீக்கிய பின்னரே அவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விடை எழுதும்போது

நாள், உணவு, அளவு, காரணம் என்ற நான்கு நிரல்களில் அட்டவணை வரைவது வசதியானது. காரணம் என்ற நிரலில் "சத்துள்ளது", "சுவையானது" என்று எழுதுவதால் பயனில்லை. யாருக்கு, எந்தச் சத்து, ஏன் இந்த மாதத்தில் என்பவை வரவேண்டும். உதாரணம்: "குரக்கன் – அம்மம்மாவுக்கு நார்ப்பொருள் கூடிய தானியம், இருவருக்கும் கல்சியம்". மூன்று நான்கு நாட்களுக்கு இவ்வாறு தெளிவாக எழுதினால், மற்ற நாட்களைச் சுருக்கமாக எழுதலாம். அட்டவணையின் கீழ் எதை எந்த நாளில் வாங்குவது என்று இரண்டு வரிகள் சேர்க்கவும்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய வீட்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலமான 25 நாட்களும் மச்சமும் முட்டையும் சமைப்பதில்லை. மேலுள்ள திட்டத்தில் எந்த இரண்டு நாட்கள் மாற வேண்டும்? அந்நாட்களுக்குரிய புரதத்தை எவ்வாறு ஈடுசெய்வீர்? ஒருவருக்குக் கிடைக்கும் புரதத்தின் அளவைக் கணித்துக் காட்டுக.

2. செவ்வாய் மாலை 5 மணிக்கு எரிவாயு தீர்ந்துவிட்டது. ஒரு விறகடுப்பு மட்டுமே உண்டு. புட்டு, பருப்புக்கறி, பூசணிக்காய்ப் பால்கறி மூன்றையும் 7.30 மணிக்கு முன் பரிமாறுவதற்கான வேலை ஒழுங்கை எழுதுக. (குறிப்பு: எது ஆறினாலும் பாதிப்பில்லை, எது கடைசியில் இறக்கப்பட வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்கவும்.)

3. உமது வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், நேற்று இரவு என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டறிந்து, அவ்வேளையில் குறைந்திருந்த போசணைப் பதார்த்தங்களைக் குறிப்பிடுக.