ஆறு மாதக் குழந்தைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு

தை பிறந்ததும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அறுவடைக்கு வருகிறது. பருமனான, பழுதில்லாத கிழங்குகள் கூடையில் ஏறிச் சந்தைக்குப் போகின்றன. மண்வெட்டி பட்டது, வண்டு துளைத்தது, வாடிச் சுருங்கியது ஆகியவை வீட்டுக்கு மிஞ்சுகின்றன. நம் விவசாயக் குடும்பங்களில் இது காலங்காலமாக உள்ள வழக்கம். பெரியவர்களுக்கே இது நல்லதல்ல. வீட்டில் பால் மறவாத குழந்தை இருந்தால் இவ்வழக்கத்தை அவசியம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சென்ற தை மாதம் கிள்ளைப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் கிழங்குத் தோட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். வீட்டுத் திண்ணையில் ஓர் ஆயா ஏழு மாதப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கிழங்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கஞ்சி தண்ணீராக ஓடியது. கழித்துக் கட்டிய கிழங்கில் காய்ச்சியது. லேசான கசப்பு இருந்ததால் வெல்லம் சேர்த்திருந்தார்கள். குழந்தையின் எடை அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதமாக எடை ஏறவில்லை.

"கெட்டியாக் குடுத்தா மாந்தம் வந்துடுங்க ஐயா. கெழங்கு வாயு வேற. அதான் தண்ணியாக் கரைச்சு ஊத்தறேன்" என்றார் ஆயா.

அவருடைய அக்கறையில் குறை ஒன்றுமில்லை. கிழங்கிலும் குறை இல்லை. எந்தக் கிழங்கைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சமைப்பது, எதனுடன் சேர்ப்பது என்ற மூன்று விஷயங்களில்தான் தவறு நேர்ந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்போது தொடங்குவது?

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்க வேண்டும். இதைத் தள்ளிப் போடக்கூடாது. பிறக்கும்போது குழந்தையின் உடலில் சேமிப்பாக இருந்த இரும்புச்சத்து இப்பருவத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பால் மட்டும் வளர்ச்சிக்குப் போதாமல் போகிறது. தலை நன்றாக நிற்பதும், சாய்த்து உட்கார வைத்தால் உட்காருவதும் குழந்தை தயாராகிவிட்டதற்கு அடையாளம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

வண்டு துளைத்த கிழங்கு வேண்டாம்

சர்க்கரைவள்ளியின் பெரும் பகை கூன்வண்டு. இதன் புழு கிழங்கைக் குடைந்து செல்லும்போது, கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சில கசப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. பூசணம் பிடித்த கிழங்கிலும் இவ்வாறே நச்சுப் பொருள்கள் தோன்றுகின்றன. துளையைச் சுற்றியுள்ள பகுதியை வெட்டி எறிந்தாலும் கசப்பு மற்றப் பகுதியிலும் பரவியிருக்கும். வேகவைத்தாலும் முழுவதும் நீங்குவதில்லை. வெல்லம் சேர்த்தால் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் மறையுமே தவிர, நச்சு மறையாது. பூசணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகளுக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறல் வருவது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்தது. மாட்டுக்கே ஆகாததைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஆகவே கைக்குழந்தைக்கு எடுக்கும் கிழங்கு துளையில்லாமல், கறுத்த புள்ளியில்லாமல், அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். வெந்த பிறகு தாய் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். சிறிது கசந்தாலும் அந்தக் கிழங்கை ஒதுக்கிவிட வேண்டும்.

சதையின் நிறத்தைப் பாருங்கள்

சிவப்புத் தோல் உள்ள கிழங்கே சத்துள்ளது என்று பலர் எண்ணுகிறார்கள். தோலின் நிறம் வேறு, சதையின் நிறம் வேறு. நுனியைச் சிறிது வெட்டிப் பாருங்கள். சதை வெள்ளையாக இருந்தால் அதில் மாவுச்சத்து உண்டு. வைட்டமின் 'ஏ' தரும் கரோட்டின் மிகக் குறைவு. சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால் கரோட்டின் நிறைய உண்டு. அது உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறுகிறது. பெரும்பாலான ஆரஞ்சுச் சதை ரகங்களில் 125 கிராம் கிழங்கே ஒரு சிறு குழந்தையின் அன்றாட வைட்டமின் 'ஏ' தேவையை நிறைவு செய்யும்.

இச்சத்தின் அருமையை நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு உலகுக்கு எடுத்துக்காட்டியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் குழு திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் ஓராண்டு காலம் நடத்திய ஆய்வு அது. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் 'ஏ' கொடுத்தார்கள். உணவின் மூலமாகவே பெறக்கூடிய அளவுதான் அது. அதைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. 1990-இல் இதன் முடிவு வெளியாயிற்று. மாலைக்கண் மட்டுமல்ல, உயிரே இச்சத்தைப் பொறுத்தது என்பது அதனால் தெளிவாயிற்று.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா முதலிய நாடுகளில் வெள்ளைக் கிழங்கு உண்டு பழகிய மக்களிடையே ஆரஞ்சுச் சதைக் கிழங்கைப் பரப்பிய விஞ்ஞானிகள் மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகியோர் 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கனகா, பூ சோனா ஆகிய ஆரஞ்சுச் சதை ரகங்களை வெளியிட்டுள்ளது. பூ சோனாவில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் கரோட்டின் உண்டு.

வெள்ளைக் கிழங்குதான் கிடைக்கிறது என்றால் கவலை வேண்டாம். அதனுடன் ஒரு துண்டு பரங்கிக்காய், பப்பாளிப் பழம் அல்லது நன்கு வெந்து மசித்த முருங்கைக்கீரை சேர்த்தால் குறை நீங்கும்.

மசியல் செய்யும் முறை

சுமார் 100 கிராம் எடையுள்ள நடுத்தரக் கிழங்கு ஒன்று, பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் அல்லது நெய் ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்ளவும். நம் பக்கத்துக் கிழங்கில் மணல் ஒட்டியிருக்கும்; இரண்டு மூன்று தடவை கழுவவும். சமைப்பவர் கையையும், பாத்திரம், கரண்டியையும் சோப்புப் போட்டுச் சுத்தம் செய்யவும்.

கிழங்கைத் தோலுடன் மூடிய பாத்திரத்தில் 20 முதல் 30 நிமிடம் வரை வேகவைக்கவும். மூடி வேகவைப்பதால் கரோட்டின் பெரும்பாலும் வீணாவதில்லை. நிதானமான தீயில் வேகும்போது கிழங்கில் இயல்பாகவே உள்ள நொதி மாவின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அதனால் இனிப்பும் குழைவும் தாமே வந்துவிடும். வெல்லமோ சர்க்கரையோ உப்போ தேவையில்லை. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

ஆயா சொன்ன வாயுத் தொல்லைக்குக் காரணம் அரைவேக்காடு. ஓர் ஈர்க்கைக் குத்தினால் தடையில்லாமல் இறங்கும்வரை வேகவேண்டும். பிறகு தோலை உரித்து, நார் இருந்தால் நீக்கிவிட்டு, கட்டியில்லாமல் மசிக்கவும். வறுத்துத் தனியே குழைய வேகவைத்த பருப்பையும் எண்ணெயையும் சேர்த்துப் பிசையவும். கெட்டியாக இருந்தால் தாய்ப்பாலோ பருப்பு வெந்த நீரோ சிறிது விட்டுக்கொள்ளலாம்.

கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மசியல் வழிந்து ஓடக்கூடாது. கரண்டியிலேயே நிற்க வேண்டும். இதுவே சரியான பதம். 7 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை பசியடங்கித் தூங்கும், ஆனால் வளராது. திண்ணையில் நான் பார்த்த குழந்தைக்கு நேர்ந்தது அதுவே.

கிழங்கு மட்டும் போதாது

சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்குச் சுமார் 100 கலோரி சக்தி உண்டு. ஆனால் புரதம் ஒன்று அல்லது ஒன்றரைக் கிராம்தான். இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மேலே சொன்ன அளவில் பருப்பும் எண்ணெயும் சேரும்போது சக்தி ஏறத்தாழ 190 கலோரியாகவும், புரதம் 5 கிராமாகவும் உயர்கின்றன. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்குத் தேவைப்படும் சக்தி சுமார் 200 கலோரி. எண்ணெய் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கொழுப்பு இருந்தால்தான் கரோட்டின் உடலில் சேரும்.

கடலும் உப்பங்கழியும் சூழ்ந்த கிள்ளையில் மீனுக்குப் பஞ்சமில்லை. கிழங்கான் மீனின் சதை மிருதுவானது. அதை வேகவைத்து, முள்ளைக் கண்ணால் பார்த்து எடுப்பது போதாது. விரலால் நசுக்கித் தடவிப் பார்த்து நீக்கிய பின் ஒரு மேசைக்கரண்டி மசியலுடன் சேர்க்கலாம். முட்டையும் நன்கு வேகவைத்துக் கொடுக்கலாம்.

முதல் மூன்று நாள் கிழங்கை மட்டும் இரண்டொரு கரண்டி கொடுத்துப் பழக்கவும். பிறகு ஒவ்வொன்றாகப் பருப்பு, மீன், கீரை எனச் சேர்க்கவும். படிப்படியாக இரண்டு மூன்று மேசைக்கரண்டியாக, நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை கொடுக்கவும். எட்டு மாதத்திற்குள் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் வரை வரலாம். ஒன்பதாம் மாதம் முதல் மையாக மசிக்காமல் சிறு கட்டிகளுடன் கொடுத்தால் மெல்லப் பழகும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வெயில் காலத்தில் மசியல் சீக்கிரம் கெடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. காலைக்குப் பாதி, மாலைக்குப் பாதி எனப் புதிதாகச் செய்வதே நல்லது. ஆரஞ்சுக் கிழங்கு தின்ற குழந்தையின் மலம் அதே நிறத்தில் இருந்தால் அஞ்ச வேண்டாம். உள்ளங்கை சற்று மஞ்சளானாலும் தீங்கில்லை. ஆனால் கண்ணின் வெள்ளை மஞ்சளானால் அது காமாலையாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டவும். உணவு எதுவாயினும், ஒன்பதாம் மாதத்தில் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்தைத் தவறவிடக்கூடாது.

வயலில் செய்ய வேண்டியது

நல்ல கிழங்கு வயலில்தான் தொடங்குகிறது. சர்க்கரைவள்ளி உப்பைத் தாங்காது. உப்புநீர் ஏறும் தாழ்ந்த நிலத்தை விட்டுவிட்டு, நல்ல தண்ணீர் உள்ள மேட்டு மணற்பாங்கான நிலத்தில் பார்கட்டி நடவும். வண்டில்லாத தோட்டத்திலிருந்து கொடியின் நுனித் துண்டுகளை எடுத்து 60 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள பார்களில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடலாம். கூன்வண்டு மண் வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை அடைகிறது. ஆகவே நட்ட 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் மண் அணைத்து வெடிப்பை மூடவும். விலை ஏறட்டும் என்று 120 நாளுக்கு மேல் கிழங்கை மண்ணில் விட்டு வைத்தால் வண்டுக்கு விருந்து வைப்பதாகும். தாக்கப்பட்ட கிழங்கைத் தோட்டத்திலேயே போடாமல் அழித்துவிடவும்.

நாளைக்கு 100 கிராம் என்றால் ஒரு குழந்தைக்கு மாதம் மூன்று கிலோ போதும். பழுதில்லாத மூன்று கிலோவை நிழலில் உலர்ந்த மணலில் அடுக்கி வைத்து அவ்வப்போது பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சந்தைக்குப் போகும் மூட்டையில் இது குறைந்தால் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

கிள்ளையில் நான் விடைபெறும்போது சந்தைக்குப் போகும் கூடை வாசலில் கட்டத் தயாராக இருந்தது. ஆயா பேரனை மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். கூடையில் கைவிட்டு, ஒவ்வொரு கிழங்காகத் திருப்பிப் பார்த்து, நல்லதாக ஏழெட்டு எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. விவசாயப் பெருமக்களும் இந்தத் தையில் கூடை கட்டுமுன் அதைச் செய்ய வேண்டுகிறேன்.