யாவர்க்கும் பயன்படும் வலைத்தளம்

கிராம சபை அறிவிப்பு ஊரார் அனைவர்க்கும் உரியது. பார்வையற்றோர் பலர் அத்தகைய செய்திகளைக் கைப்பேசி வாசித்துக் காட்டக் கேட்டறிகின்றனர்.

திருவண்ணாமலை மாவட்ட வலைத்தளம், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘எஸ்3வாஸ்’ என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் இயங்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் அதில் வசதி உண்டு. ஆயினும், அறிவிப்புத் தாளைப் படமெடுத்து ஏற்றினால், வாசிக்கும் கருவிக்கு அது எழுத்தன்று, வெறும் படமே.

ஆதலின் நாம் செய்ய வேண்டுவன மூன்று: செய்தியை ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்து தருதல், தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல், தலைப்பு என்றே அமைப்பில் குறித்தல், தீபத் திருவிழாப் படமாயின், ‘மலையுச்சியில் மகாதீபம்’ என அதற்குரிய கட்டத்தில் விளக்கம் எழுதுதல்.

மின்வழிச் செய்திகள் யாவர்க்கும் எட்டச் செய்வதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசின் கடமையாக்கியுள்ளது. நமக்கு ஆகும் செலவு சிறிது நேரமே. செய்தி எட்டினால், சபைக்கு வந்து தம் குறையைத் தாமே எடுத்துரைக்க அவர்களுக்கு வழி பிறக்கும்.