சமையல் மேடையில் நிழல் விழக்கூடாது

கத்திரிக்காயை இரண்டாகப் பிளந்ததும் அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார், உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்க்க. அரிசியில் கல் பொறுக்க முறத்தோடு ஹால் ஜன்னலோரம் வந்து உட்காருவார். பல மாதம் இதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் ராத்திரி வெண்டைக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். மருந்து போட்டுவிட்டு, அவர் நின்ற இடத்தில் நானே போய் நின்று பார்த்தேன். நறுக்கும் பலகை முழுவதும் என் தலையின் நிழல்.

சென்னையில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறை பத்தடிக்கு எட்டடி. வாசலுக்கு மேலே ஒரே ஒரு டியூப்லைட், மேடையோ எதிர்ச்சுவரில். அங்கே யார் நின்றாலும் வெளிச்சம் முதுகில் படும், நிழல் காயில் விழும். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் பழுப்பேறும். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் சேர்கிறது. எனக்குப் போதுமென்று தோன்றிய வெளிச்சம் அம்மாவுக்கு எப்படிப் போதும்?

டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு டவுன்லைட் போட்டோம். அதில் செய்த தவறுகளும் கற்றுக்கொண்டவையும் மற்றவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்லாபைக் கொத்தாதீர்கள்

டவுன்லைட்டைப் புதைக்க மேலே வெற்றிடம் வேண்டும். நம் வீடுகளில் மேலே இருப்பது கான்கிரீட். அதைக் கொத்திக் குழி போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஸ்லாபில் கம்பிக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் 20 மில்லிமீட்டர் அளவுதான். அது போனால் கம்பி துருப்பிடிக்கும். பிறகு காரை பெயர்ந்து விழும்.

நாங்கள் ஐந்து அங்குலம் இறக்கி ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். சமையலறையில் ஆவி அதிகம் என்பதால் ஈரம் தாங்கும் பச்சை நிற போர்டையே கேட்டு வாங்கினோம். சீலிங்கை இறக்கும் முன் எக்ஸாஸ்ட் ஃபேன் மறைகிறதா, பரண் கதவு தட்டாமல் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் ஃபால்ஸ் சீலிங்கே தேவையில்லை. ஸ்லாபின் மேலேயே ஒட்டினாற்போல மாட்டும் டவுன்லைட் கிடைக்கிறது. பிவிசி கேசிங்கில் ஒயரை ஓட்டிவிடலாம். சரியான இடத்தில் மாட்டினால் அதுவும் இதே பலனைத் தரும்.

அறைக்கு நடுவே வைத்து அளக்காதீர்கள்

எங்கள் பெரிய தவறு இதுதான். சீலிங் போட வந்தவர்கள் அறையை நாலாகப் பிரித்து, பார்க்க அழகாக நாலு ஓட்டை போட்டுவிட்டார்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்கவில்லை. லைட்டைப் போட்டதும் அறை பளிச்சென்று இருந்தது. அம்மா மேடை முன் போய் நின்றார். பலகை மேல் அதே நிழல். விளக்குகள் மேடைச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, நிற்பவரின் தலைக்குப் பின்னால் இருந்தன. இரண்டு ஓட்டைகளை போர்டுத் துண்டு வைத்து அடைத்து, டேப் ஒட்டி, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

மேடையின் அகலம் பொதுவாக இரண்டடி. விளக்கின் மையம் சுவரிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடிக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் நிற்பவருக்கு முன்னால் இறங்கும். சுவரில் ஓரடி ஆழத்துக்குக் கப்போர்டு இருந்தாலும் அதைத் தாண்டி மேடையில் படும். விளக்குக்கு விளக்கு மூன்றடி இடைவெளி விட்டோம். ஒன்று போடும் நிழலைப் பக்கத்து விளக்கு அழித்துவிடுகிறது.

ஓட்டை போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, ஒருவர் ஏணியில் ஏறிக் குறித்த இடத்தில் மொபைல் டார்ச்சைக் கீழ்நோக்கிப் பிடிக்கட்டும். வீட்டில் தினமும் சமைப்பவர் மேடை முன் நின்று கத்தியும் பலகையுமாக வேலை செய்வதுபோல் குனியட்டும். கை மேல் நிழல் விழுந்தால் குறியை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. நாங்கள் இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே விளக்கு வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்து மங்கிவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். கான்கிரீட் பரணுக்குக் கீழே சிங்க் இருந்தால் சீலிங் வெளிச்சம் அங்கே எட்டவே எட்டாது. நாங்கள் பரணின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி எல்இடி புரொஃபைல் லைட் ஒன்றைப் பொருத்தினோம். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பருக்கை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

நிறம் பார்த்து வாங்குங்கள்

முதலில் வாங்கிய 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் சாம்பார் வெளிறித் தெரிந்தது. 3000 கெல்வின் மஞ்சளில் பருப்பில் இருக்கும் கல்லைப் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே 4000 கெல்வின்தான் எங்களுக்கு ஒத்துவந்தது. அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 80 சாதாரணம், 90 கிடைத்தால் விடாதீர்கள். தக்காளி பழுத்திருக்கிறதா, மீன் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் சரியாகத் தெரியும்.

கறுப்பு கிரானைட் மேடை கண்ணாடிபோல விளக்கைத் திருப்பிக் காட்டிக் கண்ணைக் கூசவைக்கும். விளக்கு உள்ளடங்கி இருக்கும் டவுன்லைட்டாகப் பார்த்து வாங்கினால் கூச்சம் குறையும். நாங்கள் போட்டது 8 வாட்டில் ஐந்து, ஆக 40 வாட். சோக் வைத்த பழைய டியூப்லைட்டே கிட்டத்தட்ட அவ்வளவு மின்சாரம் எடுத்தது.

ஒயரிங்கில் மூன்று விஷயம்

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம்தான் கொடுத்தோம். எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே அவர் ஒயரைத் தொட்டார். அப்படியும் முதல் நாள் ராத்திரி, சுவிட்சை அணைத்த பிறகு விளக்குகள் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தன. பழைய ஒயரிங்கில் யாரோ சுவிட்சை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருந்தார்கள். இது வெறும் மினுக்கல் விஷயம் இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தாலும் விளக்கில் மின்சாரம் இருக்கும்; தொடுபவருக்கு ஆபத்து. மறுநாளே சரிசெய்தோம்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் சேர்க்காதீர்கள். மேடை விளக்குகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க வருபவருக்கு ஒரு விளக்கு போதும். மூன்றாவது, மேடை விளக்குகளை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். அடுப்பில் எண்ணெய் காயும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும்.

சமையலறையைப் புதுப்பிக்கும்போது டைல்ஸுக்கும் கதவுக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். வெளிச்சத்தை மட்டும் கடைசி நாளில் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறோம். தினமும் அங்கே நிற்பவரை ஒரு தடவை நிற்கவைத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

போன வாரம் அம்மா எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தார். காயைப் பிளந்து விளக்குக்கு நேரே ஒரு முறை திருப்பிப் பார்த்தார். சொத்தையை நுனிக்கத்தியால் தோண்டி எடுத்துவிட்டு அடுத்த காயை எடுத்தார். பால்கனிக் கதவு சாத்தியே இருந்தது.