போலீஸ் வானொலியைக் கேட்கும் பொழுதுபோக்கு

வானொலி அலை ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்டபின் குறித்த ஒருவருடைய கருவியை மட்டும் நாடிச் செல்வதில்லை. எட்டும் தொலைவிலுள்ள ஒவ்வோர் ஏரியலிலும் அது நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. இவ்வியல்பை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு பொழுதுபோக்கு வளர்ந்தது. போலீசாரும் தீயணைப்புப் படையினரும் பணியின்போது தமக்குள் பேசிக்கொள்வதைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தே கேட்பதுதான் அது. இதற்கென அமைந்த கருவிக்கு ஸ்கேனர் என்று பெயர்.

தோற்றம்

1928-ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரப் போலீசார் தம் ரோந்துக் கார்களுக்கு வானொலி மூலம் செய்தி அனுப்பும் முறையைத் தொடங்கினர். கார்களில் ஏற்கும் கருவி மட்டுமே இருந்தது. மறுமொழி கூறக் காவலர் தொலைபேசியைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் காரிலிருந்தும் பேசக்கூடிய இருவழி முறை ஏற்பட்டது. அக்காலத்துப் போலீஸ் அலைகள் மத்திய அலை ஒலிபரப்பின் எல்லையை அடுத்தே இருந்தன. ஆகவே பல வீட்டு வானொலிப் பெட்டிகளின் முகப்பிலேயே 'போலீஸ்' என்னும் குறி பொறிக்கப்பட்டிருந்தது. முள்ளைச் சற்று நகர்த்தினால் போதும், ஊரில் நிகழும் திருட்டும் தீவிபத்தும் காதில் விழும்.

பின்னர், இரைச்சல் குறைந்த அதிர்வெண் பண்பேற்ற முறை வந்தது. கனெக்டிகட் மாநிலப் போலீசார் 1940-இல் இதனை மேற்கொண்டனர். நாளடைவில் இச்சேவைகள் 150, 450 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களுக்கு மாறின. சாதாரண வானொலிப் பெட்டி அங்கு பயன்படாது போயிற்று. தனிக் கருவி தேவையாயிற்று.

கருவி இயங்கும் முறை

போலீசார் இடைவிடாது பேசுவதில்லை. ஓர் அலையில் சில விநாடிப் பேச்சு, பின் நெடுநேர மௌனம். ஆகவே ஒரே அலையில் காத்திராமல் பல அலைகளையும் வரிசையாகத் துழாவிப் பார்ப்பதே ஸ்கேனரின் வேலை. கருவியினுள் ஓர் அலையியற்றி உண்டு. வெளியிலிருந்து வரும் 155.0 மெகாஹெர்ட்ஸ் அலையுடன் உள்ளே 144.3 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கலந்தால், அவற்றின் வேறுபாடான 10.7 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். பெருக்கிகளும் வடிகட்டிகளும் இந்த ஓர் அதிர்வெண்ணுக்கே அமைக்கப்படுகின்றன. உள் அலையை மாற்றினால் ஏற்கும் வெளி அலையும் மாறும். தொடக்கக் காலக் கருவிகளில் அலை ஒன்றுக்கு ஒரு படிகம் வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. பிற்காலத்தில் எண்களை அழுத்தியே அலையைக் குறிப்பிடும் வசதி ஏற்பட்டது.

பேச்சில்லாத அலையில் எழும் 'உஸ்' என்னும் இரைச்சலை அடக்க ஒரு தனிச் சுற்று உள்ளது. அலை வந்ததும் இரைச்சல் தணிவதை அறிந்து அச்சுற்று ஒலிபெருக்கியைத் திறந்துவிடும். துழாவலும் அங்கு நிற்கும். பேச்சு ஓய்ந்தபின் மறுமொழிக்காகச் சில விநாடி காத்திருந்து துழாவல் மீண்டும் தொடரும்.

பயனும் தீங்கும்

தீ எத்திசையில் பரவுகிறது, எச்சாலை மூடப்பட்டுள்ளது என்பன உடனே தெரிவதால் அண்டை அயலார் எச்சரிக்கை அடைகின்றனர். பத்திரிகையாளர் நிகழ்ச்சியிடத்துக்கு விரைகின்றனர். போலீசார் தம் கடமையை எவ்வாறு ஆற்றுகின்றனர் என்பதையும் மக்கள் அறிகின்றனர். ஆனால் குற்றவாளியும் இதே பேச்சைக் கேட்கலாம். விபத்துக்குள்ளானவரின் பெயரும் நோயும் அயலார் செவிக்கு எட்டலாம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் நகரில் குண்டுவெடிப்புக் குற்றவாளியைத் தேடியபோது, சோதனை நடைபெறும் வீடுகளின் இருப்பிடத்தை வெளியிட்டுக் காவலரின் உயிருக்கு ஊறு விளைவிக்கவேண்டாம் எனப் போலீசார் மக்களை வேண்டிக்கொண்டனர்.

அமெரிக்கச் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. செல்பேசி அலைகளை ஏற்கும் ஸ்கேனர்களை உற்பத்தி செய்வது 1994 முதல் தடை செய்யப்பட்டது. இப்போது பல நகரப் போலீசார் பேச்சை எண்களாக மாற்றி, இரகசியக் குறியீட்டில் பொதிந்து அனுப்புகின்றனர். நியூயார்க் நகரப் போலீசார் 2023-இல் இம்முறைக்கு மாறத் தொடங்கினர். அலை முன்போலவே எல்லா ஏரியலையும் அடைகிறது. திறவுகோல் இல்லாதவருக்குப் பொருள் மட்டும் விளங்குவதில்லை. குற்றவாளிக்கு மூடப்பட்ட கதவு பத்திரிகையாளருக்கும் சேர்த்தே மூடப்படுவதால், இம்மாற்றம் பற்றி அங்கு வாதம் ஓயவில்லை.

வகுப்பில் விளக்கும் முறை

இந்தியாவில் இப்பொழுதுபோக்குக்கு இடமில்லை. உரிமையின்றிச் செய்திகளை இடைமறிப்பதை 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. எனினும் தத்துவத்தை விளக்கச் சாதாரண பண்பலை வானொலிப் பெட்டியே போதும். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் முள்ளை நிறுத்தி இரைச்சலைக் கேட்கச் செய்க; பின் நிலையத்துக்கு நகர்த்துக; இரைச்சல் அடங்குவதை மாணவர் தாமே உணர்வர். தானாக நிலையம் தேடும் பொத்தான் உள்ள பெட்டியாயின் துழாவலையும் காட்டலாம். ஆர்வம் மிகுந்த மாணவர், 12 வயது நிறைந்தபின் அரசுத் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். அங்கு அவர்கள் பிறர் பேச்சைக் கேட்பதோடு நில்லாது, தாமும் பேசக் கற்பர்.