ஒளிந்து ஆடும் கேம்: முதல் இரண்டு மணி நேரம்

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டதா? பெயின்ட்டில் வீடு வரைந்தாயிற்று. சாலிடேர் சலித்துவிட்டது. அடுத்து எழும் கேள்வி, "நல்ல கேம் ஏதாவது போடலாமே?" என்பதுதான். கார் ரேஸையும் கிரிக்கெட்டையும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த முறை நாம் பார்க்கப்போவது, கொஞ்சம் சொல்லித் தந்தால்தான் பிடிபடும் வகை. ஸ்டெல்த் ஆக்ஷன் கேம் என்பார்கள். நாம் ஒளிந்து ஆடும் கேம் என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண துப்பாக்கி கேமில் எதிரியைக் கண்டால் சுட வேண்டும். இதில் எதிரி உங்களைக் காணாமல் வேலையை முடிக்க வேண்டும். 1998-ல் வந்த 'தீஃப்' இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. இருட்டில் நின்றால் காவலாளிக்குத் தெரியாது, கல் தரையில் நடந்தால் சத்தம் கேட்கும், கம்பளத்தில் நடந்தால் கேட்காது என்று வைத்தார்கள். நம் ஊரில் அதைவிட அதிகம் பேர் ஆடியது 2000-ல் வந்த 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' அந்த நாள் பிரவுசிங் சென்டர்களில் அது இல்லாத கம்ப்யூட்டரைப் பார்ப்பது அபூர்வம். மிஷனுக்கு நடுவில் சேவ் செய்ய வழியே கிடையாது. முக்கால் மணி நேரம் தவழ்ந்து போய், கடைசியில் ஒரு கேமரா கண்ணில் பட்டால் மறுபடி முதலில் இருந்து. அதில் நொந்துபோய் இந்த வகையையே விட்டவர்கள் உண்டு.

இந்த வகையில் புதிது புதிதாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2025 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' வந்தது. அது குறைந்தபட்சமே 16 ஜிபி ராமும் 115 ஜிபி இடமும் கேட்கிறது. வீட்டுக்கு வாங்கும் சாதாரண கம்ப்யூட்டருக்கு அது கனம். பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வது டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் செய்த 'ஹிட்மேன் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்'. 2016, 2018, 2021 ஆண்டுகளில் வந்த மூன்று ஹிட்மேன் கேம்களை ஒன்றாக்கி, 2023 ஜனவரியில் இந்தப் பெயரில் கொடுத்தார்கள். இதைச் சொல்ல இரண்டு காரணம். ஒன்று, 'ஃப்ரீ ஸ்டார்ட்டர் பேக்' என்ற பெயரில் பயிற்சிப் பகுதியை இலவசமாகத் தந்திருக்கிறார்கள். இன்னொன்று, 2018 கேமில் ஒரு மிஷன் முழுக்க மும்பையில் நடக்கிறது. அங்கே நாம் கடைசியில் போவோம்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற இடத்தைக் கிளிக் செய்யுங்கள். மெமரி என்பதற்கு எதிரே இருப்பது ராம். ஜிபியூ என்பதற்கு எதிரே இருப்பது கிராபிக்ஸ் கார்டின் பெயர். இந்த கேமுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ராமும், என்விடியா ஜிடிஎக்ஸ் 660 அளவுக்கு ஒரு கார்டும், ஹார்ட் டிஸ்க்கில் 80 ஜிபி காலி இடமும் வேண்டும். ஜிபியூ இடத்தில் இன்டெல் பெயர் மட்டும் இருந்தால், பெரும்பாலும் தனிக் கார்டு இல்லை, பிராசசரோடு வந்த கிராபிக்ஸ்தான் என்று அர்த்தம். கணக்கு எழுத, படம் பார்க்க அது போதும். இந்த கேமுக்குப் பல கம்ப்யூட்டர்களில் போதாது. கடைக்காரர் "எல்லா கேமும் ஓடும் சார்" என்று சொல்லித்தான் விற்றிருப்பார். அவர் நினைத்தது எந்த கேமோ!

அடுத்தது டவுன்லோட். பலர் திகைப்பது இங்கேதான். உங்கள் நெட் இணைப்பு 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு விநாடிக்கு 10 எம்பி வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, விநாடிக்கு வருவது 1.25 எம்பிதான். அந்த வேகத்தில் 80 ஜிபி இறங்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். தினம் 1.5 ஜிபி கிடைக்கும் செல்போன் பிளானை நம்பினால் 53 நாள்!

நான் இதை எழுதுவது ஏற்காட்டில் இருந்து. சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டிய ஊர். சேர்வராயன் மலையில் மழைக் காலத்தில் மரம் ஒன்று சாய்ந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். இப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீம் மூலம் டவுன்லோட் செய்தால் பாதியில் நின்றாலும் பயமில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் ஆடும்போது நெட் போனால் விஷயம் வேறு. ஹிட்மேன் தனி ஆளாக ஆடும் கேம்தான். இருந்தும் கம்பெனியின் சர்வரோடு தொடர்பில் இருந்தால்தான் மதிப்பெண் பதிவாகும், புதுக் கருவிகள் திறக்கும். ஆஃப்லைனில் ஆடலாம், ஆனால் இந்தப் பலன்கள் கிடையாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை தேவையா என்று எனக்கு இன்னும் கோபம்தான். மலையில் இருப்பவர்களும் கிராமத்தில் இருப்பவர்களும் இதை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் இங்கே கம்ப்யூட்டர் வைப்பதே ஆபத்து என்பது தனிக் கதை.

சரி, ஸ்டார்ட்டர் பேக்கை இறக்கி இன்ஸ்டால் செய்தாயிற்று. ஆரம்பிக்கும் முன் ஹெட்போனை மாட்டுங்கள். காவலாளி வலப்பக்கம் வருகிறானா, பின்னாலா என்று காதுதான் சொல்லும். ஜன்னல் வெளிச்சம் மானிட்டரில் விழாதபடி திரையை இழுத்துவிடுங்கள். கஷ்ட நிலை கேட்கும்போது 'கேஷுவல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், வெட்கம் வேண்டாம். 'மாஸ்டர்' நிலையில் ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ்தான்.

இங்கே காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அண்மையில் கம்ப்யூட்டர் வாங்கினார். முதல் நாளே வந்து, "என்ன சார் கேம் இது, நாலு நிமிஷத்துல ஆளைக் காலி பண்ணிட்டானுங்க" என்றார். ஓடிக்கொண்டே சுட்டிருக்கிறார்.

"தோட்டத்துல திடீர்னு காட்டெருமை நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அசையாம நிப்பேன் சார். அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாப்பேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாப்பேன். அப்புறம் சத்தம் போடாம பின்னால வந்துடுவேன்."

"அதையே கம்ப்யூட்டர்லயும் செஞ்சு பாருங்க" என்றேன்.

ஒளிந்து ஆடும் கேமின் சூத்திரம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. வாசனை ஒன்றுதான் பாக்கி, கேமில் அது கிடையாது. காவலாளியின் கண்ணில் இருந்து ஒரு டார்ச் வெளிச்சம் விரிந்து விழுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் விநாடிக்குப் பல முறை அந்த வெளிச்சத்துக்குள் நீங்கள் இருக்கிறீர்களா, நடுவில் சுவரோ அலமாரியோ மறைக்கிறதா என்று கணக்குப் போடுகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் திரும்பும் வரை நமக்குத் தெரியாது இல்லையா, அதே கணக்குதான். அகப்பட்டாலும் உடனே சுட்டுவிட மாட்டான். முதலில் சந்தேகம், பிறகு தேடல், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. சந்தேக நிலையில் இருக்கும்போதே அமைதியாக ஒதுங்கினால் சற்று நேரத்தில் பழையபடி ரோந்துக்குப் போய்விடுவான். புதிதாக ஆடுபவர்கள் பதறிப்போய் ஓடுவது இந்த இடத்தில்தான். ஓடினால் சந்தேகம் வலுக்கும்.

ஹிட்மேனில் இன்னொரு வித்தை, வேடம். நாயகன் ஏஜென்ட் 47 எந்த உடையைப் போட்டுக்கொள்கிறானோ அந்த வேலைக்காரனாகவே மற்றவர்கள் அவனைப் பார்ப்பார்கள். முதல் பயிற்சியில் ஒரு உல்லாசப் படகுக்குள் நுழைய வேண்டும். விருந்தாளியாகப் போக அழைப்பு இல்லை. மெக்கானிக் உடையில் போனால் யாரும் கேட்பதில்லை. அந்தப் படகு பலகையால் செய்த செட் என்பதும், சுற்றி இருப்பவர்கள் நடிக்கிறார்கள் என்பதும் சற்று உற்றுப் பார்த்தால் தெரியும். எனக்கு இந்த கேமில் மிகவும் பிடித்த இடம் அது. சிலருக்கு மட்டும் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அவர்களிடம் நீங்கள் போட்டிருக்கும் வேடம் பலிக்காது. உண்மையான மெக்கானிக்குகளை மேற்பார்வை பார்ப்பவர் புது முகத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது நியாயம்தானே!

முதல் அரை மணி நேரம் எதையும் செய்யாதீர்கள். ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவன் பின்னாலேயே தூரத்தில் நடங்கள். எங்கே நிற்கிறான், யாரோடு பேசுகிறான், எப்போது தனியாக இருக்கிறான் என்று பாருங்கள். எல்லோருக்கும் ஒரு சுற்று உண்டு, அது திரும்பத் திரும்ப வரும். அது புரிந்துவிட்டால் கேம் உங்கள் கைக்குள் வந்துவிடும். வேலை முடிந்ததும் கேம் தரும் மிக உயர்ந்த பட்டம் 'சைலன்ட் அசாசின்'. யார் கண்ணிலும் பட்டிருக்கக் கூடாது, இலக்கைத் தவிர வேறு யாரையும் கொன்றிருக்கக் கூடாது. அதிகம் சுட்டால் அதிகப் புள்ளி என்ற கணக்கு இங்கே இல்லை.

இப்போது மும்பை. இது இலவசப் பகுதியில் வராது, முழு கேமையும் வாங்க வேண்டும். நெரிசலான தெரு, அடுக்கு வீடுகள், சலவைக்கூடம், ரயில்வே யார்டு, நடுவில் ஒரு சினிமா ஷூட்டிங். இலக்குகள் மூன்று: தாவூத் ரங்கன் என்ற பாலிவுட் தயாரிப்பாளர், குடிசைப் பகுதியின் ராணி என்று பெயரெடுத்த வான்யா ஷா, முகமே யாருக்கும் தெரியாத வசீர் காலே. மூன்றாவது ஆளை முதலில் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். அதே இலக்குகளைத் தேடி வேறொரு கூலிக் கொலையாளியும் வந்திருக்கிறான். சூழ்நிலையை அவனுக்குச் சாதகமாக அமைத்துக் கொடுத்தால் உங்கள் வேலையில் ஒரு பகுதியை அவனே செய்துவிடுவான். திட்டமிடுவதில் இதைவிட ருசியான மிஷனை நான் அதிகம் பார்த்ததில்லை.

நகரம் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் இது வெளியூர்க்காரர் பார்த்த மும்பை. குடிசை, சினிமா, தாதா மூன்றைத் தாண்டி அது யோசிக்கவில்லை. தாராவியில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று அறிந்த நமக்கு, எல்லோரும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் தெரு கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது. இதே கம்பெனி 2002-ல் செய்த பழைய 'ஹிட்மேன் 2' கேமிலும் இந்தியா வந்தது. அதில் குருத்வாரா போன்ற இடத்தில் கொலைகளை வைத்ததற்கு சீக்கியர்கள் கடும் எதிர்ப்பு தெரிவித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் 2018 மும்பை எவ்வளவோ கவனமாகச் செய்தது. இன்னொன்று, கூட்டம் அதிகம் உள்ள இந்த மாதிரி இடங்களில் பிராசசருக்கு வேலை அதிகம். படகில் சரளமாக ஓடிய கம்ப்யூட்டர் இங்கே திணறலாம். அப்படியானால் செட்டிங்ஸில் நிழல்களைக் குறைத்துப் பாருங்கள், பிறகு ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கொலை செய்யும் கேம். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். பொறுமை, திட்டம் என்று நான் எவ்வளவு புகழ்ந்தாலும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு இது வேண்டாம்.

ஸ்டீமில் விலை கொடுத்து வாங்கினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கும் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டவுன்லோட் ஆகும் நேரம் இதில் சேராது. ஆனால் கேமைத் திறந்து வைத்துவிட்டு காபி குடிக்கப் போனால் அந்த நேரமும் சேரும்! அதனால் ஆடக் கற்றுக்கொள்வதை எல்லாம் இலவசப் பகுதியிலேயே முடித்துவிடுங்கள். வாங்கிய பிறகு கிடைக்கும் அந்த 2 மணி நேரத்தைக் கம்ப்யூட்டர் திணறுகிறதா, உங்கள் ஊர் நெட் தாங்குகிறதா என்று சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திணறினால் தயங்காமல் ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் ரீஃபண்ட் கேளுங்கள். அந்தப் பணத்தில் 'தீஃப் கோல்டு' வாங்கலாம். பழைய கேம், தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும், நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை.