நாய்க்கு ஒரு பெயர் வை

அன்புத் தங்கைக்கு,

கைப்பிரதியை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டுப் பெண்ணுக்கும், தான் செத்துப்போனதை இன்னும் ஒப்புக்கொள்ளாத பையனுக்கும் காதல். நடுவில் ஒரு நாய். நம் கதைகளில் பேய் பெரும்பாலும் பழிவாங்கத்தான் வருகிறது. காதலிக்க வந்து சிரிக்கவும் வைக்கிற பேயை நீ எழுதியே ஆக வேண்டும். ஆனால் அந்த நாய் விஷயத்தில் உன்னோடு எனக்குச் சண்டை.

மூன்றாம் அத்தியாயத்தில் அது பேயைப் பார்த்து ஊளையிடுகிறது. அப்புறம் உனக்குத் தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டுகிறது. பெயர்கூட இல்லை.

உன் மலைக்குக் கீழே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிப் படித்துப் பார். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனின் கல் அது. கூடவே அவன் நாயையும் செதுக்கி, அதற்கென்று தனியாகவே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்தது, காவல் இருந்தது. அவ்வளவுதான் செய்தி. நன்றியுள்ள ஜீவன் என்றெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. பெயரும் அது பார்த்த வேலையும் மட்டும். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அந்த நாய்மேல் நமக்குப் பிரியம் வருகிறதே, அது எப்படி என்று யோசி.

உன் நாய்க்கும் வேலை கொடு. சாமை காயும் களத்தில் கோழி விரட்டட்டும். பேயைக் கண்டு நடுங்க வேண்டாம். பையன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், அவளுக்குத் தெரியவில்லை என்று வை. நாய் வந்து அவன் கால் இருக்கும் இடத்தை மோந்து பார்க்கிறது. வாசனையே இல்லை. ஒரு தும்மல் போட்டுவிட்டுப் படுத்து, மோவாயை அவன் பாதத்தின்மேல் வைக்கிறது. அவள் பார்வைக்கு அந்த மோவாய் தரையில் படாமல் ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. அவன் அங்கே இருப்பது அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும். உடுக்கையும் வேண்டாம், மந்திரவாதியும் வேண்டாம்.

ஆனால் நாயின் தலையைத் தாங்குகிற கால் சுவரை ஊடுருவிப் போகக் கூடாது. இந்த ஒரு சட்டத்தைக் கடைசிவரை மீறாதே. வேடிக்கைக் கதைதானே என்று இதில் கை தளர்ந்தால் வாசகர் உன்னை நம்பமாட்டார்.

நாய்க்கு வேலையோடு சொந்தப் புத்தியும் கொடு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ ஒரு இயந்திர நாய். புத்தகம் படிக்கும், தன் மூளையால் யோசிக்கும். அதனால்தான் மற்ற கதை மாந்தர்களைவிட அது நினைவில் நிற்கிறது.

பையனைப் பட்டணத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறாய். ஏன்? அதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம். அங்கே இரவு வேலை பார்த்தவனாக வைத்துக்கொள். ராத்திரி முழுக்க விழித்துப் பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு, யாரும் தன்னிடம் பேசாதது விசித்திரமாகவே படாது. செத்தது தெரியாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

கடைசி அத்தியாயத்தில் அழவைப்பதற்காக நாயைச் சாகடித்திருக்கிறாய். தயவுசெய்து அதை அடித்துவிடு. காதலர்கள் சேரட்டும், பிரியட்டும், அது உன் இஷ்டம். நாய் அன்றைக்கும் களத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி முதலில் அனுப்பு. பெயர் என்ன வைத்தாய் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்