காலிப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிரசாரம்

ஒரு சார்ட்டில் இடப்பக்கம் ஆப்பிள், வலப்பக்கம் பர்கர், மேலே "ஆரோக்கியமான உணவு உண்போம்". நம் பள்ளிகளில் உணவுப் பிரசாரம் பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடுகிறது. பாகலூரில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

அந்தப் பிள்ளையின் காலையைப் பாருங்கள். ஓசூர் கம்பெனியில் முதல் ஷிப்டு என்றால் அம்மா விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். சத்துணவு மதியம்தான். நடுவில் இடைவேளை மணி அடித்ததும் ஐந்து ரூபாய் பாக்கெட். பிரசாரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

முதலில் மாணவர்கள் ஒரு வாரம் குப்பைத்தொட்டியின் காலிப் பாக்கெட்டுகளை எண்ணட்டும் (கையுறை கட்டாயம், பிறகு சோப்புப் போட்டு கை கழுவணும்). ஒரு உறையை எடுத்து சோடியம் அளவைப் படிக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் 100 கிராமுக்குப் போட்டிருக்கும். 800 மில்லிகிராம் என்று இருந்தால், 25 கிராம் பாக்கெட்டில் 200. அதை 2.5-ஆல் பெருக்கினால் 500 மில்லிகிராம் உப்பு, அதாவது அரை கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் கணக்கை வைத்து "விஷம்" என்று போஸ்டர் எழுத விடாதீர்கள். பிள்ளைங்க சிரிப்பாங்க, நேத்து சாப்பிட்டும் ஒண்ணும் ஆகலையே! காலைச் சாப்பாட்டின் இடத்தைப் பாக்கெட் பிடித்துக்கொள்வதுதான் உண்மையான சிக்கல். அதற்குப் பதில் என்ன என்று பிரசாரம் சொல்லியாக வேண்டும்.

பதில் நம்ம ஊர் வயலிலேயே இருக்கு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் 10 இருந்தாலே அதிகம். ராத்திரிக் களியில் ஒரு உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் மோர், உப்பு சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். அடுப்பு வேண்டாம், பிள்ளையே செய்துகொள்ளும்.

இனி வாசகம். "சத்தான உணவு சாப்பிடுங்கள்" வேண்டாம். "ராத்திரி ஒரு உருண்டை கூடக் கிண்டுங்க" என்பது போல ஒரே ஒரு வேலையைச் சொல்லட்டும். இது அம்மாவுக்கான வாசகம். அப்படியானால் பள்ளிச் சுவரில் ஒட்டி என்ன பயன்? கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டணும். தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதணும். களி, சங்கட்டி, முத்தெ: எந்த வீட்டில் எந்தச் சொல் என்று பாட்டிகளிடம் கேட்டு வருவதே நல்ல வீட்டுப்பாடம்.

ஒன்று மட்டும் கவனம். "இன்னிக்கு யார் சாப்பிடல?" என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். பெயர் எழுதாத துண்டுச்சீட்டு போதும்.

கடைக்காரரோடு மாணவர்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. அதைத் தலைமையாசிரியர் பேசட்டும். தேவைப்பட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதட்டும். மாணவர்கள் கடலை உருண்டையும் வாழைப்பழமும் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு மாதம் கழித்து அதே தொட்டி, மறுபடி ஒரு வாரம் எண்ணிக்கை. குறையவில்லை என்றால் வாசகத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.